மலையேறும் வண்டிக்கு எந்தப் பெற்றோல்?

(தோட்டத்து வாசிகசாலையில் நடந்த மாதக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வேலைக்குப் போய் வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் பேசுவது பிள்ளைகளின் நிறை, கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக், சேமலாப நிதி, மலசலகூடம் என்று இருக்கும். இந்த மாதம் பெற்றோலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தல் போட்டதும், "ஐயா பெற்றோல் செட் தொறக்கப் போறாரா?" என்று யாரோ கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. கேட்டதில் தப்பில்லை. ஆனால் இன்றைக்கு லயத்துக்கு ஒரு ஆட்டோவாவது மோட்டார் சைக்கிளாவது நிற்கிறது. மலையில் எடுத்த கொழுந்துச் சம்பளம், கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளை அனுப்பிய காசு, அடகு வைத்த தோடு எல்லாம் சேர்ந்துதான் அந்த வண்டி வாசலுக்கு வந்திருக்கிறது. அதன் தாங்கிக்குள் என்ன ஊற்றுகிறோம் என்பது குடும்பத்தின் கணக்கு. குடும்பத்தின் கணக்கு என்றால் அது நலன்புரி வேலைதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த விசயத்தில் நாங்களே ஒரு பிழையான ஆலோசனை சொல்லியிருக்கிறோம். அதைச் சபையில் ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

2021-ஆம் ஆண்டு கடைசியில் நம் தோட்டத்துத் தம்பி ஒருவர் லீசிங்கில் ஆட்டோ எடுத்தார். பேர் சொல்லமாட்டோம். அவருடைய அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், "சொல்லுங்க ஐயா, நாலு புள்ளைங்களுக்குப் பிரயோசனமா இருக்கட்டும்" என்று அவர் சம்மதம் தந்த பிறகே சொல்கிறோம். வண்டி வந்த இரண்டாவது வாரம் தம்பி எங்கள் ஒபிசுக்கு வந்தார். "ஐயா, கீழ டவுன்ல நல்லா இழுக்குது. மேல் டிவிசன் ஏத்தத்துல மூணு பேர் ஏறினா முக்குது. எந்தப் பெற்றோல் அடிக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் பெரிய இஞ்சினியர் மாதிரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மலைப் பாதைக்கு 95 அடிங்க தம்பி, அதுலதான் பவர் இருக்கு" என்று சொல்லி அனுப்பினோம். எங்கள் மோட்டார் சைக்கிளுக்கும் அப்போது அதையேதான் அடித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு யார் சொன்னது? பெற்றோல் செட்டில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர். அவருக்கு யார் சொன்னது என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் 92 ஒக்டேன் லீற்றர் 177 ரூபாய், 95 ஒக்டேன் 207 ரூபாய். வித்தியாசம் 30 ரூபாய். தம்பி நாளுக்கு நாலு லீற்றர் அடிப்பார், மாதத்தில் இருபத்தைந்து நாள் ஓடுவார். நூறு லீற்றருக்கு 3,000 ரூபாய். அப்போது மலையில் ஒரு பேருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஆக, அம்மா மூன்று நாள் அட்டைக்கடியோடு எடுத்த கொழுந்தின் காசு மாதாமாதம் அந்தத் தாங்கிக்குள் போனது. ஏற்றத்தில் வண்டி முன்பு போலவே முக்கியது. "எஞ்சின் பழகணும் போல" என்று தம்பி பொறுமையாக இருந்தார். அவ்வளவு நம்பிக்கை எங்கள் பேச்சில்.

பிறகு 2022 வந்தது. அதை உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் 470 ரூபாய், 95 ஒக்டேன் 550 ரூபாய். அந்தக் காசைக் கொடுத்தாலும் கிடைக்காது. இரவெல்லாம் வரிசையில் வண்டிக்குள்ளேயே தூங்கினோம். கியூஆர் முறை தொடங்கியபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர். ஐந்து லீற்றரில் எத்தனை ஹயர் ஓடுவது, எப்படித் தவணை கட்டுவது? அந்த நேரத்தில் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாய். ஓகஸ்ட் 22 வரைக்கும் அதுதான் விலை, அதன்பிறகு ஒரே பாய்ச்சலில் 340 ஆனது. 87-க்கும் 470-க்கும் இடையில் ஒரு மனிதனுக்கு என்ன புத்தி வரும்? எங்கேயோ ஒரு போத்தல் மண்ணெண்ணெய் அகப்பட்டால் தம்பி அதைப் பெற்றோலோடு கலந்தார். அவர் மட்டுமல்ல, பலர் கலந்தார்கள். நாங்கள் அவரைக் குற்றம் சொல்ல இங்கே நிற்கவில்லை.

நம் தோட்டத்தில் ஓடும்வரை வண்டி பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. கொஞ்சம் புகைத்தது, காலையில் ஸ்டார்ட் எடுக்க மினக்கெட்டது. ஒருநாள் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த உறவுக்காரரை ஏற்றிவர அவிசாவளைக்கு இறங்கினார். அங்கே வெயிலில் ஓடும்போதே எஞ்சினுக்குள் டக் டக் என்று ஆணி தட்டுவது போல ஒரு சத்தம். திரும்பும்போது வண்டியில் ஆளும் பெட்டியும். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் சத்தம் கூடியது, பிறகு வெள்ளைப் புகை, பிறகு ஒன்றுமில்லை. நின்றுவிட்டது. கராஜில் பிரித்தபோது பிஸ்டனின் தலையில் ஓட்டை. ஒரு சதக் காசு அளவு. எஞ்சின் வேலைக்குக் கடன், ஓடாத மாதங்களுக்குத் தவணைப் பாக்கி. லீசிங்காரர் ஒருநாள் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதை மீட்க அம்மாவின் சங்கிலியும் போனது.

கராஜ் பாஸ் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார்: "கீழ எறங்காம மலையிலேயே ஓடியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்." எங்களுக்கு அது விளங்கவில்லை. மலையில்தானே எஞ்சினுக்குக் கஷ்டம் கூட? கீழே சமதரையில் எப்படிக் கூடும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப்போகிறோம்.

முதலில் காற்று. தாய்மார்களுக்குத் தெரியும், கொழும்பில் மகள் வீட்டில் சீக்கிரம் அவிகிற பருப்பு இங்கே அவிய நேரமெடுக்கும். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, சூடு அவ்வளவு இல்லை. கீழேயிருந்து வரும் பொரியல், பிஸ்கட் பக்கற்றுகள் நம் கடையில் ஊதிப்போய்த் தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். பக்கற்றுக்குள் இருப்பது கீழ்க்காற்று, வெளியே நம் மெல்லிய காற்று. உள்ளே இருப்பது தள்ளுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் நூறு பங்கென்றால் எண்பது பங்குதான். நம் பக்கம் குளிர் என்பதால் காற்று சற்று நெருங்கி நிற்கும். அதையும் கழித்துப் பார்த்தால் எஞ்சின் ஒரு தடவை மூச்சிழுக்கும்போது கொழும்பில் கிடைப்பதைவிட ஆறில் ஒரு பங்கு காற்று குறைவாகக் கிடைக்கிறது.

எஞ்சின் பெற்றோலை மட்டும் குடிப்பதில்லை. ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய பதினைந்து கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் எரிவது குறையும், பலம் குறையும். உங்கள் ஆட்டோ மேல் டிவிசனில் முக்குவதற்கு இதுதான் காரணம். விலை கூடிய பெற்றோல் ஊற்றினால் காற்று கூடுமா? கூடாது. ஒரு லீற்றர் 95-க்குள் ஒரு லீற்றர் 92-ஐவிடப் பலம் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதும் பிழை. இரண்டிலும் இருக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியென்றால் அந்த எண் எதைச் சொல்கிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைத் தொட்டுப் பாருங்கள். காற்றை நெருக்கினால் சூடேறும். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வந்து பெற்றோலும் காற்றும் கலந்த புகையை இப்படித்தான் நெருக்குகிறது. பிளக் பொறி விட்ட பிறகு, அந்த இடத்திலிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ வந்து சேருவதற்கு முன்பே ஒரு மூலையில் இருக்கும் புகை சூட்டையும் நெருக்கலையும் தாங்காமல் தானாக வெடித்தால், அதுதான் அந்த டக் டக் சத்தம். கராஜ்காரர்கள் 'நொக்' என்பார்கள். ஒவ்வொரு தட்டும் பிஸ்டன் தலையில் சின்னச் சுத்தியலால் அடிப்பது போல. அப்படி வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதை அளக்கும் எண்தான் ஒக்டேன். பொறுமைக்கு மார்க் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க் எப்படிப் போட்டார்கள் என்றால், 1920-களில் இரண்டு திரவங்களை எடுத்தார்கள். ஐசோ ஒக்டேன் என்பது மிகவும் பொறுமைசாலி, அதற்கு 100. ஹெப்டேன் என்பது தொட்டால் வெடிப்பது, அதற்கு 0. முதலாவதில் 92 பங்கும் இரண்டாவதில் 8 பங்கும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் பெற்றோல் 92 ஒக்டேன். அவ்வளவுதான் சங்கதி. அந்தக் காலத்தில் பொறுமையைக் கூட்ட ஈயம் கலந்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது அது. எஞ்சினுக்கு நல்லது, பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு. நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002-இல் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. இது இன்றைய பேச்சுக்கு வெளியேதான், இருந்தாலும் தாய்மார் இருக்கும் சபையில் சொல்லாமல் விட மனமில்லை.

இப்போது பாஸ் சொன்ன வார்த்தைக்கு வருவோம். மலையில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு. குறைந்த காற்றை அதே இடத்துக்குள் நெருக்கும்போது அழுத்தமும் குறைவாகவே ஏறும். அழுத்தம் குறைந்தால் பெற்றோலுக்குப் பொறுமையும் அவ்வளவு வேண்டியதில்லை. ஆகவே உயரத்துக்குப் போகப் போக எஞ்சின் கேட்கும் ஒக்டேன் குறைகிறது. நாங்கள் தம்பிக்குச் சொன்னது தலைகீழ். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகமிகக் குறைவு. அதைக் கலந்தபோது கலவையின் பொறுமை போய்விட்டது, ஆனால் நம் மெல்லிய காற்று அந்தக் குறையை மறைத்துக்கொண்டிருந்தது. அவிசாவளையில் காற்று கனம், வெயிலும் சூடு. மறைந்திருந்தது வெளியே வந்துவிட்டது. அங்கிருந்து பாரத்தோடு ஏற்றம் வேறு. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலையும் தண்ணியாக்கும். இரண்டு பக்கமும் அடி.

இது நாம் மட்டும் சொல்கிற கதையில்லை. அமெரிக்காவில் ரொக்கி மலைப் பக்கம் கொலராடோ என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் டென்வர் ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நம் ஹட்டனைவிட மேலே, நுவரெலியாவைவிடக் கீழே. அந்த நாட்டில் மற்ற இடங்களில் சாதாரண பெற்றோல் 87 என்று போட்டிருக்கும்போது மலைப் பக்கத்தில் 85 விற்கிறார்கள். மேலே போனால் குறைந்த எண். இதைக் கேட்டுவிட்டு, அங்கே 85 ஓடுகிறதே, நமக்கு 92 கூட வேண்டாமே என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அவர்கள் இரண்டு விதமான சோதனை செய்து நடு எண்ணை எடுத்துப் போடுகிறார்கள். நாம் போடுவது அதில் ஒரு சோதனையின் எண் மட்டும், அது எப்போதும் கூடத்தான் வரும். அவர்களுடைய 87 நம் கணக்கில் 91, 92 பக்கம். அந்த 85 கூட காபரேற்றர் வண்டிகளின் காலத்துப் பழக்கம். இன்றைய கார்களுக்கு மலையிலும் 87-க்குக் குறையாமல் அடிக்கும்படிதான் பெரும்பாலான கம்பனிகள் கையேட்டில் எழுதியிருக்கின்றன.

சரி, நம் வண்டிக்கு எது? நம் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. அங்கே செட்டில் முன்பு கிடைத்த சாதாரண பெற்றோல் 91 ஒக்டேன், அதற்கென்றே அந்த எஞ்சின்களைச் செய்திருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த வேன்கள், சின்னக் கார்களில் பல அங்கே 'ரெகுலர்' என்று சொல்லும் பெற்றோலுக்குச் செய்தவை, அதன் அளவு 89-இலிருந்து தொடங்குகிறது. நம் செட்டில் கிடைக்கும் 92 இவை இரண்டுக்கும் தாராளம், கொழும்புக்கு இறங்கினாலும் தாராளம். ஆனால் கையேட்டில் அல்லது பெற்றோல் மூடியின் உள்பக்கத்தில் 95 என்று போட்டிருந்தால் 95 தான் அடிக்க வேண்டும். டர்போ பூட்டிய வண்டிகள் இருக்கின்றன, அவை வெளிக்காற்று மெல்லியதாக இருந்தாலும் தாமே நெருக்கி உள்ளே தள்ளிவிடும். மலையில் பொறுமை குறைந்தாலும் போதும் என்ற கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. தோட்டத்தில் அப்படி வண்டி துரை பங்களாவில் வேண்டுமானால் நிற்கும். வாசிகசாலை வாசலில் இன்றைக்கு நிற்கும் வண்டிகளின் மூடிகளைக் கூட்டத்துக்கு முன்பு பார்த்தோம். 95 கேட்கும் வண்டி ஒன்றுகூட இல்லை. தாங்கிக்குள் ஊற்றச் சொல்லி விற்கும் 'பூஸ்டர்' போத்தல்களைப் பற்றி ஒரு சொல்: வாங்காதீர்கள்.

அப்போது ஏற்றத்தில் முக்குவதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பலம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அது மலையின் குணம். ஆனால் குறைய வேண்டியதைவிடக் கூடக் குறைந்திருந்தால் அதைத் திருத்தலாம். காபரேற்றர் வண்டியில் ஒரு கோளாறு உண்டு. கீழ்நாட்டுக் காற்றுக்கு அளந்து வைத்த பெற்றோலை மலையிலும் ஊற்றிக்கொண்டிருக்கும். காற்று குறைவு, பெற்றோல் அதே அளவு. மிஞ்சியது எரியாமல் கரியாகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை நல்ல சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. அடுப்புக்கரி போலக் கறுத்துப் புகை படிந்திருந்தால் பெற்றோல் கூடிப்போகிறது, காசு புகையாகப் போகிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடாகிறது, அதுதான் மூன்றிலும் ஆபத்து. கறுத்திருந்தால் முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். நம் பாதைத் தூசியும் பனி ஈரமும் சேர்ந்து அது மண்கட்டி போல இருக்கும். அதைச் சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் தெரிந்த பாஸிடம் கொடுத்துக் காற்றுப் பெற்றோல் அளவைத் திருத்துங்கள்.

அங்கேயும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மலைக்கென்று பெற்றோலை இறுக்கி வைத்த வண்டியை அப்படியே கொழும்புக்கு இறக்கினால் அங்கே காற்று கூடி, பெற்றோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும். அடிக்கடி கீழே ஹயர் போகிறவர்கள் அதைப் பாஸிடம் சொல்லியே திருத்த வேண்டும். இப்போது வரும் பெற்றோல் ஊசி போடும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. காற்றழுத்தத்தை அதுவே பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும், அதில் கைவைக்கத் தேவையில்லை.

மற்றது ஓட்டும் விதம். ஏற்றத்தில் மேல் கியரிலேயே திணறத் திணற ஓட்டினால் 92-இலும் நொக் வரும். வண்டி அழுவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மூன்று பேர் ஏற வேண்டிய ஆட்டோவில் எட்டுப் பிள்ளைகளைக் காண்கிறோம், அதற்கு எந்த ஒக்டேனும் உதவாது. இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கியரில் வந்தால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். நிறுத்திவிட்டு வந்தால் பிரேக் மட்டும்தான் மிச்சம், அதுவும் சூடேறினால் பிடிக்காது.

இனிச் சொல்லப்போவது வண்டி இல்லாதவர்களுக்கும் சேர்த்து. 2022 வரிசைக்குப் பிறகு லயத்தில் பெற்றோலைச் சேர்த்து வைக்கும் பழக்கம் சிலரிடம் தங்கிவிட்டது. கானில், சோடாப் போத்தலில், கட்டிலுக்குக் கீழே. அந்த ஆண்டில் வீட்டில் வைத்த பெற்றோலால் தீப்பிடித்துக் கருகியவர்களின் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தோம். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நிறத்திலும் மணத்திலும் மட்டுமா வித்தியாசம்? மண்ணெண்ணெய் கொஞ்சம் சூடேறினால்தான் தீப்பற்றக்கூடிய ஆவி விடும். பெற்றோல் ஜனவரிப் பனியிலும், புல்லில் வெள்ளையாக உறைபனி கிடக்கும் விடியற்காலையிலும் ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து அடுப்படிக்குப் போகும். காம்பராவில் ஒரு மூலையில் கான், மறு மூலையில் விறகடுப்பு. நடுவில் பாய் விரித்துப் பிள்ளைகள். ஒரு காம்பராவில் பற்றினால் கூரை வழியாக லயம் முழுதுக்கும் போகும் என்பதை நாம் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

மண்ணெண்ணெய் கலந்த காலத்தில் இன்னொரு பழக்கமும் வந்தது. ஒரே கானில் இன்றைக்குப் பெற்றோல், நாளைக்கு மண்ணெண்ணெய். அடியில் மிஞ்சிய பெற்றோலோடு மண்ணெண்ணெயை வாங்கி வந்து விளக்கிலோ குக்கரிலோ ஊற்றினால் அது எரிவதற்குப் பதிலாக வெடிக்கும். இருட்டில் விளக்கேற்றுவது யார்? அம்மா, அல்லது பாடம் படிக்கும் மகள். தயவுசெய்து கானைத் தனித்தனியாக வையுங்கள். முடிந்தால் பெற்றோல் வண்டியின் தாங்கிக்குள் மட்டும் இருக்கட்டும்.

(பேச்சு முடிந்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். இரண்டை மட்டும் இங்கே சேர்க்கிறோம்.)

மேல் டிவிசன் அண்ணன் ஒருவர்: "இவ்வளவு நாள் 95 அடிச்சிட்டேன். இப்ப மாத்தினா எஞ்சினுக்கு ஒன்னும் ஆகாதா? ரெண்டும் கலந்தா?" ஒன்றும் ஆகாது அண்ணே. இருப்பதன்மேல் 92 அடியுங்கள், இரண்டும் கலக்கலாம். 95 அடித்ததால் எஞ்சின் கெட்டுப்போகவும் இல்லை. காசு மட்டும்தான் போனது.

கடைசியாக அந்தத் தம்பியின் அம்மா எழுந்து, "ஐயா, அன்னைக்கு நீங்க 92-ன்னு சொல்லியிருந்தா எங்களுக்கு வண்டி பாழாகியிருக்காதா?" என்று கேட்டார். சபை அமைதியாகிவிட்டது. பிஸ்டன் ஓட்டையானது மண்ணெண்ணெயால், 95-ஆல் அல்ல, அது வேறு என்று எங்களால் சொல்ல முடியும். ஆனால் டிசம்பரிலிருந்து ஜூன் வரை மாதம் 3,000 ரூபாய் அவர்கள் கையில் மிஞ்சியிருந்தால், தவணைக்குப் பயந்து அந்தப் பிள்ளை மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடி ஓடியிருக்க மாட்டான். "ஆமாங்க அம்மா, அதில் எங்க பிழையும் இருக்கு" என்று சொன்னோம்.

தம்பி இப்போது வண்டியை மீட்டு ஹட்டன் ஸ்டாண்டில் ஓடுகிறார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவரும் கராஜ் பாஸும் வாசிகசாலை முற்றத்துக்கு வருவார்கள். ஆட்டோவோ மோட்டார் சைக்கிளோ வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிக் கடதாசியில் சுற்றி எடுத்து வாருங்கள். வண்டியின் கையேடு வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள், எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து வாசிப்போம்.